ஃபிளீஸ் போட்டும் குளிர்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

இமயமலைப் பனியில் நடந்துவிட்டு ஊர் திரும்பும் நண்பர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "ஃபிளீஸ் போட்டிருந்தேன், ஆனாலும் குளிர் தாங்கவில்லை. அடுத்த முறை இன்னும் தடிமனாக வாங்க வேண்டும்." பணத்தைச் செலவழிப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். ஃபிளீஸ் என்பது பாலியஸ்டர் இழையால் பஞ்சுபோலப் பின்னிய குளிராடை. அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடல் உண்டாக்கும் வெப்பத்தைத் தன் இழைகளுக்கு இடையே தங்கியிருக்கும் காற்றில் பிடித்து வைக்கிறது. அந்தக் காற்றை உள்ளேயிருந்து வியர்வை கெடுக்கும். வெளியேயிருந்து வீசும் காற்று அடித்துக்கொண்டு போகும். அதனால் குறை ஃபிளீஸில் தெரிந்தாலும், அதற்கு உள்ளே போட்ட பனியனோ வெளியே போடாமல் விட்ட ஜாக்கெட்டோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. அது மாறாதவரை எவ்வளவு தடிமனான ஃபிளீஸ் வாங்கினாலும் குளிரும்.

பேசுவதற்கு ஒரு மலையை எடுத்துக்கொள்வோம். உத்தரகாண்டின் கேதார்காந்தா, பனிக்கால நடைக்குப் புதிதாகப் போகிறவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் சிகரம். அடிவாரக் கிராமமான சாங்க்ரி ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சி ஏறக்குறைய 3,800 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி கிராமத்துக்கும் உச்சிக்கும் இடையே 12 டிகிரி வித்தியாசம் வரும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் முகாமிலேயே பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். உச்சிக்கு ஏறுவது விடிவதற்கு முன்பே தொடங்கும். வியர்வை, காற்று, நின்று காத்திருத்தல் மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் சந்திக்க வேண்டும். நீங்கள் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோதான் போகிறீர்கள் என்றாலும் இதே காரணங்கள்தான், அளவில் குறைவாக.

ஏறும்போது வியர்த்துக் கொட்டுகிறது, நின்றவுடன் நடுங்குகிறது

எல்லாவற்றிலும் அதிகம் காணப்படுவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

அடுத்த முறை ஓய்வுக்கு நிற்கும்போது முதுகுப்பையைக் கழற்றிவிட்டு, ஃபிளீஸுக்கு உள்ளே கையை விட்டு முதுகைத் தொட்டுப் பாருங்கள். உள்சட்டை ஈரமாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அந்த உள்சட்டை பருத்தி பனியனாக இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஓய்வில் இருக்கும் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. சுமையோடு மேடேறும்போது அது ஐந்து மடங்குக்கும் மேல் போகும். அந்த நேரத்தில் ஃபிளீஸும் போட்டுக்கொண்டிருந்தால் வெப்பம் வெளியேற வழியில்லை, உடல் வியர்க்கிறது. பருத்தி அந்த வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்கிறது. நின்றவுடன் உடலின் வெப்ப உற்பத்தி சட்டென்று இறங்கிவிடும். ஈரம் மட்டும் அப்படியே இருக்கும். ஒரு கிராம் நீர் தோலிலிருந்து ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். பனியனில் 100 கிராம் ஈரம் தங்கியிருந்தால் அது காய்வதற்கு 58 கிலோகலோரி. அதில் பெரும்பகுதியை உங்கள் உடம்பிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். காய்வதற்கு முன்போ, நீர் அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்துவதால், ஈரத்துணி தோலில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும். மேலே இருக்கும் ஃபிளீஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது.

முதல் தீர்வு, பனியனை வீட்டிலேயே விட்டுச் செல்வது. அதற்குப் பதிலாகப் பாலியஸ்டர் விளையாட்டுச் சட்டை போதும். கால்பந்து, இறகுப்பந்து ஆடுபவர்கள் போடுகிறார்களே, அதே வகை. பணம் இருந்தால் மெரினோ கம்பளி உள்சட்டை இன்னும் நல்லது. பெண்கள் பருத்தி உள்ளாடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மார்பைச் சுற்றி ஈரமான பட்டை ஒன்று இருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் குளிரும். கடைகளில் கிடைக்கும் 'தெர்மல்' உள்ளாடைகள் எல்லாமே மலையேற ஏற்றவை அல்ல. பல பருத்தி கலந்தவை. வீட்டில் போட்டுத் தூங்கப் பொருத்தமானவை. லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, ஏறத் தொடங்கும் முன்பே ஃபிளீஸைக் கழற்றிவிடுவது. புதிதாக வருபவர்களுக்கு இதைச் செய்ய மனம் வருவதில்லை. முகாமில் நிற்கும்போது குளிர்கிறது, கழற்றினால் இன்னும் குளிருமே என்று போட்டுக்கொண்டே கிளம்புகிறார்கள். கால் மணி நேரத்தில் நனைந்துவிடுகிறார்கள். நடக்கத் தொடங்கிய முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். அப்படிக் குளிர்ந்தால் நீங்கள் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள். கடுங்குளிரில் கழற்ற முடியாவிட்டால் ஜிப்பை மார்பு வரை இறக்கிவிடுங்கள், குல்லாவை எடுத்துவிடுங்கள், ஃபிளீஸின் கைப்பகுதியை முழங்கை வரை மடித்துவிடுங்கள். வியர்வை வந்த பிறகு திறப்பதில் பயன் குறைவு. நெற்றியில் சூடு தெரியும்போதே திறக்க வேண்டும்.

மூன்றாவது, நிற்கும் அந்தக் கணத்தில் கழற்றியதை மீண்டும் போடுவது. குளிர் தெரிந்த பிறகு போடலாம் என்று காத்திருந்தால் சேர்ந்திருந்த வெப்பம் போய்விட்டிருக்கும். அதனால் ஃபிளீஸைப் பையின் மேல்பகுதியில் வையுங்கள். அடியில் வைத்தால் எடுக்கச் சோம்பல் வரும்.

இது பனிமலைக்கு மட்டும் உரியதல்ல. பிப்ரவரி முதல் மே வரையிலான காலத்தில் இரவோடு இரவாக வெள்ளியங்கிரி ஏறுபவர்களும், இலங்கையில் 2,243 மீட்டர் உயரச் சிவனொளிபாத மலையில் ஆயிரக்கணக்கான படிகள் ஏறிச் சூரிய உதயத்துக்காகக் காத்திருப்பவர்களும் சந்திப்பது இதே சிக்கல்தான். ஏறும்வரை வியர்வை, உச்சியில் அசையாமல் உட்கார்ந்தால் காற்று. அங்கே நான் சொல்லும் வழி எளியது. மெல்லிய சட்டையோடு ஏறுங்கள். ஒரு மாற்றுச் சட்டையையும் ஃபிளீஸையும் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பையில் வையுங்கள். உச்சிக்குப் போனதும் முதல் வேலையாக நனைந்த சட்டையை மாற்றிவிட்டு, உலர்ந்த சட்டையின் மேல் ஃபிளீஸைப் போடுங்கள். நனைந்த சட்டையின் மேலேயே ஃபிளீஸ் போடுபவர்கள் விடியும்வரை அவதிப்படுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். உலர்ந்த உடைக்கு மாறிய பிறகும் நடுக்கம் நிற்கவில்லை, பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, ஜிப்பைக்கூடப் போட முடியாமல் விரல்கள் தடுமாறுகின்றன என்றால் அது உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைவதன் அடையாளம். கடுமையாக நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடு ஏறாமலே நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். நடையை நிறுத்துங்கள். காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத்தை முழுவதும் அகற்றி, உலர்ந்த உடையும் ஸ்லீப்பிங் பேக்கும் கொண்டு சுற்றுங்கள். தெளிவாக விழுங்க முடிகிறவருக்கு மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். மது வேண்டவே வேண்டாம். உடனே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

நின்றால் கதகதப்பு, காற்று அடித்தால் ஒன்றுமே போடாதது போல இருக்கிறது

ஃபிளீஸ் துணியை வாயோடு ஒட்டிவைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் எளிதாக வெளியே வரும். அது குறையல்ல. வியர்வையின் ஆவியும் அதே வழியாகத்தான் வெளியேறுகிறது. ஏறும்போது ஃபிளீஸ் சுகமாக இருப்பதற்குக் காரணமும் அதுவே. ஆனால் மலைமுகட்டில் காற்று அடிக்கும்போது உள்ளே பிடித்துவைத்த சூடான காற்று முழுவதும் வெளியேறிவிடும்.

இரண்டாவது ஃபிளீஸை மேலே போடுவதால் இது தீராது. மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்றைப் போட்டாலே தீர்ந்துவிடும். மடித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்த நைலான் சட்டை, தனியாகப் போட்டால் எந்தச் சூடும் தராது. ஃபிளீஸின் மேல் போட்டவுடன் வித்தியாசம் தெரியும். 'குளிர்கிறது, என்ன வாங்கட்டும்' என்று கேட்பவரிடம் நல்ல ஃபிளீஸ் ஏற்கெனவே இருந்தால், விண்ட்சீட்டர் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

உள்ளே காற்றுத் தடுப்புப் படலம் ஒட்டிய ஃபிளீஸ்களும் விற்கிறார்கள். நகரத்தில் போட, மெதுவாக நடக்க அவை நல்லவை. சுமையோடு ஏறுவதற்கு எனக்கு அவை பிடிக்கவில்லை. படலத்தைத் தனியாகக் கழற்ற முடியாது. ஆகவே முதல் அறிகுறிக்கே திரும்ப வந்து சேர்வோம்.

மோட்டார் சைக்கிளில் ஊட்டிக்கோ வால்பாறைக்கோ போகிறவர்களுக்கும் இது பொருந்தும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 50 கிலோமீட்டர் வேகக் காற்று நெஞ்சில் அடிக்கிறது. ஃபிளீஸ் உள்ளேயும் காற்றுத் தடுப்பு வெளியேயும் இருக்க வேண்டும்.

காற்று இல்லை, உடம்பும் உலர்ந்துதான் இருக்கிறது, ஆனாலும் குளிர்கிறது

இப்போதுதான் தடிமனைப் பற்றிப் பேசலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகரில் இருந்த மால்டன் மில்ஸ் ஆலைதான் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இன்றைய ஃபிளீஸ் துணியை உருவாக்கியது. 'போலார்டெக்' என்ற பெயரில் அது விற்ற துணிகளின் 100, 200, 300 என்ற எண்வரிசை இன்றும் தடிமனுக்கு அளவுகோலாக இருக்கிறது. ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில் என்று எடுத்துக்கொள்ளலாம். 100 நடப்பதற்கு, 200 பொதுவான எல்லாவற்றுக்கும், 300 அசையாமல் நிற்பதற்கு. எல்லா நிறுவனங்களும் எண்ணைப் போடுவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்; வெளிச்சம் எவ்வளவு தாராளமாக ஊடுருவுகிறதோ அவ்வளவு மெல்லியது.

என் தேர்வு ஒரு 300 அல்ல. 100 ஒன்றும் 200 ஒன்றும். ஏறும்போது மெல்லியது மட்டும், முகாமில் இரண்டும் சேர்ந்து. ஒன்று நனைந்தாலும் மற்றொன்று இருக்கும். 300 தடிமன் ஃபிளீஸ் பையில் பெரிய இடத்தை அடைத்துக்கொள்ளும். நடக்கும்போது போடவே முடியாது. உட்பக்கம் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பின்னிய வகை கிடைத்தால் நடைக்கு அதை எடுங்கள். கட்டங்களுக்கு இடையேயுள்ள வாய்க்கால் வழியாக ஆவி வேகமாக வெளியேறுகிறது, எடையும் குறைவு. ஆட்டுக்குட்டி ரோமம் போலச் சுருண்ட வகை உட்கார்ந்திருக்கச் சுகமானது. ஆனால் பருமன் அதிகம், முதுகுப்பையின் பட்டை படும் இடங்களில் சீக்கிரம் நசுங்கும்.

அளவும் காரணமாக இருக்கலாம். சென்னை வெயிலில் கடைக்குப் போய், ஒரு டீ-சட்டையின் மேல் போட்டுப் பார்த்து, கச்சிதமாக இருக்கிறது என்று வாங்கிவிடுகிறோம். அங்கே மலையில் உள்சட்டைக்கும் விண்ட்சீட்டருக்கும் நடுவே அது நசுங்குகிறது. இழை நசுங்கினால் காற்றுக்கு இடமில்லை. தொளதொளவென்று இருந்தாலோ ஒவ்வோர் அசைவிலும் கீழ்ப்பக்கமாகச் சூடு வெளியேறும். போட்டுப் பார்க்கும்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குங்கள். இடுப்பு வெளியே தெரியக் கூடாது. குனிந்து ஷூ கயிற்றைத் தொடுங்கள். முதுகு தெரியக் கூடாது. முன்னால் கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். தோள்பட்டையில் இழுக்கக் கூடாது.

கழுத்தையும் பாருங்கள். தாடைவரை ஏறும் காலர் இல்லாத ஃபிளீஸுக்கு மஃப்ளரோ கழுத்துக் குழலோ துணையாக வேண்டும். தலையை மூடுங்கள். நம் ஊரில் பெரியவர்கள் போடும் மங்கி குல்லா காதையும் கழுத்தையும் சேர்த்து மூடுவதால் முகாமில் மிக நன்றாக வேலை செய்கிறது. கடைசியாக, சாப்பிட்டீர்களா? வயிறு காலியாக இருந்தால் பிடித்துவைக்கப் போதுமான வெப்பம் உள்ளே இருக்காது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் முகாமில் குளிர்ந்தால் ஃபிளீஸின் எல்லை அதுதான். பூஜ்யத்துக்குக் கீழே அசையாமல் உட்கார்ந்திருக்க இறகோ செயற்கைப் பஞ்சோ அடைத்த ஜாக்கெட் வேண்டும். வாங்க முடியாவிட்டால் மலை அடிவாரத்தில் வாடகைக்கு எடுங்கள். அதை ஃபிளீஸின் மேல் போடுங்கள், உள்ளே அல்ல.

நனைந்ததும் கனக்கிறது, மறுநாளும் காயவில்லை

நீங்கள் வாங்கியது பாலியஸ்டர் ஃபிளீஸ் இல்லை. பின்னலாடைத் தொழிலில் உட்பக்கத்தைச் சுரண்டிப் பஞ்சுபோல ஆக்கிய பருத்தித் துணிக்கும் ஃபிளீஸ் என்றே பெயர். திருப்பூரில் அதைத்தான் ஹூடிகளாகவும் ஸ்வெட்ஷர்ட்டுகளாகவும் தைத்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். தொட்டால் மென்மையாக இருக்கும், மாலை நேரக் குளிருக்கு அருமையான உடை. மலையில் நனைந்தால் மட்டும் ஆபத்து. சாதாரணக் காற்றிலிருந்தே பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீத ஈரத்தை ஏற்கிறது. பாலியஸ்டர் அரை சதவீதம்கூட ஏற்பதில்லை. நனைந்த பாலியஸ்டர் ஃபிளீஸை முறுக்கிப் பிழிந்து உதறினால் பெரும்பாலான நீர் போய்விடும், உடம்புச் சூட்டிலேயே மீதியும் காயும்.

லேபிளில் பருத்தி என்ற சொல் இருந்தால், எத்தனை சதவீதமாக இருந்தாலும், அதை ரயிலில் போட்டுக்கொள்ளுங்கள். மலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

பனிமூட்டத்தில் நடந்தால் வெளிப்பக்கம் முழுவதும் நீர்த்துளி

நீலகிரியிலும் மூணாறிலும் இது வழக்கம். முதலில் உதறுங்கள், துளிகள் பெரும்பாலும் மேலோட்டமாகத்தான் நிற்கும். தூறல் தொடர்ந்தால் மழைச்சட்டை போடாமல் வழியில்லை. மலிவான பிளாஸ்டிக் மழைச்சட்டையின் உள்ளே வியர்வை துளிகளாகப் படிந்து ஃபிளீஸை உள்ளிருந்து நனைக்கும். ஆகவே மழையில் ஏறும்போது ஃபிளீஸைப் பையில் வைத்துவிட்டு, உள்சட்டையின் மேல் நேராக மழைச்சட்டை போடுங்கள். உலர்ந்த ஃபிளீஸ் முகாமில் உங்களுக்காகக் காத்திருக்கட்டும்.

இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் குளிர்கிறது

பகலில் நடந்த அதே உடையோடு உள்ளே போயிருப்பீர்கள். அதில் தெரியாத அளவுக்கு ஈரம் இருக்கும். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி உலர்ந்த உடையைத் தனியாக வையுங்கள். அதைப் பகலில் தொடக்கூடாது. ஃபிளீஸ் லேசாக ஈரமாக இருந்தால், இரவு உணவு முடியும்வரை உடம்பில் போட்டபடி நடமாடிக் காயவையுங்கள். சொட்டச் சொட்ட நனைந்ததை ஸ்லீப்பிங் பேக்குக்குள் எடுத்துச் செல்லாதீர்கள். இறகு அடைத்த பேக்காக இருந்தால் அந்த ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். உலர்ந்த ஃபிளீஸைப் போட்டுத் தூங்கலாம், ஆனால் பேக்கின் உள்பக்கத்தை நெருக்கி நசுக்கும் அளவுக்கு அடுக்கடுக்காக வேண்டாம். குளிர் தரையிலிருந்தும் வருகிறது. மெத்தைப் பாயைச் சரிபாருங்கள்.

புதிதாக இருந்தபோது இருந்த சூடு இப்போது இல்லை

துவைத்த முறையைத்தான் கேட்பேன். துணிக்கு மென்மையும் வாசனையும் தரும் திரவத்தை ஊற்றினால் அது இழைகளின் மேல் படிந்துவிடும். ஈரத்தைக் கடத்தும் தன்மை குறையும், இழைகள் ஒட்டிக்கொள்ளும். அந்தத் திரவம் இல்லாமல், குறைந்த சோப்பில் ஒன்றிரண்டு முறை துவைத்து நன்றாக அலசினால் ஓரளவு மீளும். வெந்நீரும் சூடான டிரையரும் வேண்டாம். 30 டிகிரி நீர் போதும். உட்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, ஜிப்பை மூடி, ஜீன்ஸ் போன்ற முரட்டுத் துணிகளோடு சேர்க்காமல் துவையுங்கள். இஸ்திரி போடவே கூடாது. நசுங்கிய இழை நிமிராது. நிழலில் கொடியில் போட்டாலே சில மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

உருண்டை உருண்டையாக நூல் திரள்வது உராய்வால் வருவது, அக்குள் பக்கமும் பையின் பட்டை படும் இடங்களிலும் முதலில் தெரியும். சூட்டை உடனே பாதிக்காது. கையால் பிய்த்தால் இழை இன்னும் வெளியே வரும். துணிச் சவரக் கருவியால் மெதுவாக எடுங்கள்.

தேவையில்லாமல் துவைக்காமல் இருப்பதும் நல்ல பராமரிப்புதான். 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரே ஆடை ஒரு துவைப்பில் 1,900-க்கும் மேற்பட்ட இழைத்துணுக்குகளை உதிர்க்கக்கூடும் என்று கண்டது. அவை சாக்கடை வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போகும் பிளாஸ்டிக். இந்த மலைகளின் ஓடைகளில் குடித்து நடப்பவர்கள் நாம். நடை முடிந்ததும் காற்றாட உலர்த்தி வைத்து, உண்மையிலேயே அழுக்கானபோது மட்டும் துவைப்போம். மலை ஓடையில் நேரடியாகத் துவைக்கவே கூடாது.

துவைத்தும் நாற்றம் போகவில்லை

உடம்பின் எண்ணெய்ப் பசையைப் பாலியஸ்டர் விடாமல் பிடித்துக்கொள்ளும். சமையல் சோடா கரைத்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். ஈரத்தோடு பையில் திணித்து ஊர்வரை கொண்டுவருவதுதான் இதற்குத் தொடக்கம்.

கழற்றும்போது சடசடவென்று மின்பொறி

குளிர்காலத்து உலர்ந்த காற்றும் செயற்கை இழையும் சேர்ந்தால் வருவது. உடம்புக்குத் தீங்கில்லை. சமையல் எரிவாயு அடுப்புக்கும் பெட்ரோலுக்கும் பக்கத்தில் மட்டும் கழற்றாதீர்கள்.

சின்னச் சின்னப் பொத்தல்கள், ஓரம் கருகிக் கெட்டியாக இருக்கிறது

நெருப்புப் பொறி. பாலியஸ்டர் ஏறக்குறைய 250 டிகிரியில் உருகும். முகாம் நெருப்பிலிருந்து தெறிக்கும் ஒரு கங்கு பட்டாலே துளை விழும். பெரிதாகத் தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும், அதனால் நெருப்பருகே உட்கார்பவர்கள் மேலே கம்பளிச் சால்வையோ பருத்தி உடையோ போர்த்திக்கொள்வது நல்லது. ஈர ஃபிளீஸை நெருப்பின் மேல் பிடித்துக் காயவைக்கவும் வேண்டாம்.

ஃபிளீஸ் பின்னல் துணி என்றாலும் ஸ்வெட்டர் மாதிரி எளிதில் பிரிந்துகொண்டே போகாது. பொத்தலைச் சுற்றியுள்ள கெட்டியான ஓரத்தைக் கத்தரித்துவிட்டு, அதே நிறப் பாலியஸ்டர் நூலால் இரு பக்கத்தையும் நெருக்கித் தையுங்கள். விரல் நுழையும் அளவுக்குப் பெரிதாக இருந்தால், பழைய ஃபிளீஸிலிருந்து ஒரு துண்டை வெட்டி உட்பக்கம் வைத்து ஒட்டுப் போடலாம். சூடான இஸ்திரியால் ஒட்டும் வகை ஒட்டுத்துணியை மட்டும் வாங்காதீர்கள். ஒட்டவைக்கும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஃபிளீஸின் இழை நசுங்கிவிடும்.